திவே கணவாய்க்கு அந்தப் பக்கம்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், புனேயில் பெரிய லென்ஸ் வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே ஜுரம் வந்துவிடும். கட்ச், ஜெய்சல்மேர், பிகானேர் என்று வாட்ஸப் குழுக்களில் பயணத் திட்டம் பறக்கும். பாலைவனப் பறவைகள், ஐந்து நாள், சாப்பாடு தங்குமிடம் எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று போஸ்டர்கள் வரும். என்னையும் கூப்பிடுவார்கள். நான் பெரும்பாலும் நழுவிவிடுவேன். கஞ்சத்தனம் ஒரு காரணம், மறுக்கவில்லை. பெரிய காரணம் வேறு. ஸ்வார்கேட்டில் விடிகாலை வண்டியைக் கிளப்பினால், இரண்டு மணி நேரத்துக்குள் அந்தப் பறவைகளில் பாதியை நான் பார்த்துவிட முடியும். வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாடும் சாப்பிடலாம்.

வரைபடத்தில் புனேவுக்குக் கிழக்கே பாலைவனம் என்று எதுவும் போட்டிருக்காது. மணல்மேடு கிடையாது, ஒட்டகம் கிடையாது. ஆனால் மழைக்கணக்கைப் பாருங்கள். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று சஹ்யாத்ரியின் மேற்குச் சரிவில் மோதி, சுமந்து வந்ததில் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. மகாபலேஷ்வரில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல். மலை இறங்கி புனே நகரத்துக்கு வந்தால் 700 சொச்சம். இன்னும் கிழக்கே சுபே, பாராமதி என்று போகப்போக 500-ஐத் தொட்டாலே நல்ல வருஷம். மகாபலேஷ்வருக்கும் பாராமதிக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். அந்த நூறு கிலோமீட்டருக்குள் பத்தில் ஒரு பங்காக மழை வற்றிவிடுகிறது.

முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். இங்கே அது வருஷா வருஷம் கண்ணெதிரே நடக்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை ஆடு மேயும் முல்லை. மாசி பிறந்தால் பாலை. மராத்தியில் இந்த நிலத்துக்கு மாள்ரான் என்று பெயர். நான் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலைப் பார்த்து வளர்ந்தவன். வறண்ட நிலம் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் வேலைக்காகப் புனே வந்த புதிதில் எல்லோரையும் போல நானும் மேற்கே, லோணாவளா பக்கம், அருவி பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். கிழக்கே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

ஹடப்சர் தாண்டி, மஸ்தானி ஏரியைக் கீழே விட்டுவிட்டுத் திவே கணவாய் ஏறினால் காற்றே மாறிவிடும். பிறகு ஸாஸ்வட், ஜெஜுரி, மோர்காவ். ஜெஜுரியில் கண்டோபா கோயில் படிகளெல்லாம் மஞ்சள் பொடி. மோர்காவ் மயூரேஷ்வர், அஷ்டவிநாயகர் யாத்திரை தொடங்குகிற கோயில். அந்தப் பிள்ளையார் பெயரைத்தான் பக்கத்துச் சுபே கிராமத்திலிருக்கும் சின்னஞ்சிறு சரணாலயத்துக்கும் வைத்திருக்கிறார்கள்: மயூரேஷ்வர் வனவிலங்கு சரணாலயம், 1997-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஐந்து சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கிண்டி தேசியப் பூங்காவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது சிங்காரா. ராஜஸ்தான்காரர்கள் தங்கள் மாநில விலங்கு என்று கொண்டாடும் அதே மான். வெளிர்பழுப்பு நிறம், முகத்தில் கண்ணோரமாக இறங்கும் கோடு, பெண்ணுக்கும் கொம்பு உண்டு. நாள்கணக்கில் தண்ணீர் குடிக்காமல், இலைதழையிலும் பனியிலும் கிடைக்கிற ஈரத்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளும். இதைப் பார்க்கத்தான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள், பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் சிங்காரா இந்த இடத்தின் முகப்புப் பலகை மாதிரி. படிக்கவேண்டியதெல்லாம் தரையில் இருக்கிறது.

முதலில் கல்கௌதாரி. புறா அளவு, மண் நிறம், நெஞ்சில் மெல்லிய கறுப்புக் கோடு, வயிறு கருஞ்சாந்து நிறம், ஊசிபோல் நீண்ட வால். உட்கார்ந்திருந்தால் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் ஏதாவதொரு நீர்நிலைக்குக் கூட்டமாகப் பறந்து வரும். 'குட்-ரோ, குட்-ரோ' என்று இரண்டு அசைச் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம்தான் பறவை தெரியும். வந்ததும் குடிக்காது. கொஞ்ச தூரத்தில் இறங்கி, நின்று, சுற்றும்முற்றும் பார்த்து, நடந்து வந்து, சில நொடிகள் குடித்துவிட்டு எழும்பிவிடும். வரிக் கல்கௌதாரி என்று இன்னொரு இனம், அது இருட்டிய பிறகுதான் தண்ணீருக்கு வரும். நம் கேமராவுக்கு அதில் வேலையில்லை.

இந்தப் பறவையைப் பற்றி ஒரு கதை உண்டு, கட்டுக்கதை என்றே பலகாலம் நினைத்திருந்தார்கள். 1896-இல் மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர், தான் வளர்த்த கல்கௌதாரிகளைப் பார்த்துவிட்டு, ஆண் பறவை தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்துக்கொண்டு போய்க் குஞ்சுகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறது என்று எழுதினார். யாரும் எளிதில் நம்பவில்லை. 1967-இல் கேட், மக்ளீன் என்ற இருவர் கலஹாரிப் பாலைவனத்தில் நேரடியாக ஆராய்ந்து அது உண்மைதான் என்று நிறுவினார்கள். 2023-இல் அந்த இறகை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், அதன் நுண்ணிழைகள் சுருண்டு விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும் விதத்தை விளக்கினார்கள். ஒரு ஆண் பறவை 25 மில்லிலிட்டர் வரை சுமக்கும். தாய்மையைப் பற்றிப் பாட்டு எழுதுகிறவர்கள் இந்தத் தகப்பனுக்கும் நாலு வரி எழுதலாம்.

வீடியோ எடுப்பதானால் இதைவிட நல்ல பாடம் கிடையாது. எங்கே வரும், ஏறத்தாழ எப்போது வரும் என்று முன்னாலேயே தெரிகிற பறவை அபூர்வம். செய்யவேண்டியது, அது வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய், வண்டியை நீர்க்குட்டையிலிருந்து தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கதவு விளிம்பில் பீன் பேக்கைப் போட்டு, அதன்மேல் லென்ஸை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. கடைசி விஷயம்தான் கஷ்டம். பீன் பேக் கடையில் வாங்கவேண்டும் என்பதில்லை. கெட்டியான ஜீன்ஸ் துணியில் தையல்காரரிடம் ஒரு பை தைத்து, ரேஷன் அரிசியோ ராஜ்மாவோ முக்கால் அளவு நிரப்பினால் போதும். வண்டிக்குள் இருக்கும் மனிதனைப் பறவை மனிதனாக எண்ணுவதில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தீர்களோ, போச்சு.

அடுத்தது கோர்சர். ஆங்கிலத்தில் இண்டியன் கோர்சர். உருவத்தில் ஆள்காட்டிக்குத் தங்கை. செம்பழுப்பு உச்சந்தலை, கண்ணுக்கு மை தீட்டியதுபோல் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், நெஞ்சு ஆரஞ்சு. இவ்வளவு அலங்காரத்தோடு பொட்டல் தரையில் நின்றால் கண்ணில் படாமலா போகும்? படாது. ஓடும்போது தெரியும், நின்றால் மறைந்துவிடும். விடுவிடுவென்று பத்தடி ஓடி, சட்டென்று நிமிர்ந்து நின்று, குனிந்து பூச்சியைக் கொத்தி, மறுபடி ஓட்டம். இதன் அறிவியல் பெயரில் 'கோரமாண்டெலிகஸ்' என்று வருகிறது. நம் சோழமண்டலக் கடற்கரைதான். 18-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து போன பறவையை வைத்து ஐரோப்பாவில் பெயர் சூட்டியிருக்கிறார்கள். என் ஊர்ப்பக்கத்துப் பேரைச் சுமந்துகொண்டிருக்கும் பறவையை நான் முதலில் பார்த்தது மராத்தி பேசும் ஊரில்.

கோர்சரை நின்றபடி எடுத்தால் படம் தேறாது. மேலிருந்து கீழே பார்க்கும் கோணத்தில் பின்னணி முழுக்க மண்ணும் கல்லும், பறவை அதில் கரைந்துபோகும். தரையோடு தரையாகப் படுத்து, லென்ஸைப் பறவையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் முன்னும் பின்னும் மங்கி, பறவை மட்டும் துலங்கும். படுக்கும் முன் அந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். நெருஞ்சி முள்ளும் சப்பாத்திக்கள்ளியும் அங்கே நமக்கு முன்பே பட்டா வாங்கி உட்கார்ந்திருக்கும். மார்ச் முதல் மழை தொடங்கும் வரை இன்னொரு காரணமும் உண்டு. கோர்சர், ஆள்காட்டி, கல்கௌதாரி, வானம்பாடி எல்லாமே வெறும் தரையில் முட்டையிடுகிறவை. கூடு என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. சின்னப் பள்ளம், அதில் கூழாங்கல் மாதிரி இரண்டு மூன்று முட்டை. அந்த மாதங்களில் நான் வண்டித்தடத்தை விட்டு இறங்குவதே இல்லை.

வறண்ட நிலத்தில் படம் எடுக்கிறவர்களின் முதல் எதிரி கானல். குளிர்காலத்தில்கூடக் காலை ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் தரை சூடேறி, அதன்மேல் காற்று நடுங்கத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் 600 மில்லிமீட்டர் லென்ஸில் பூதாகரமாகத் தெரியும். படம் எல்லாம் ஈரத்துணி வழியாகப் பார்த்ததுபோல் இருக்கும். லென்ஸ் சரியில்லை, ஃபோகஸ் சரியில்லை என்று சர்வீஸ் சென்டருக்கு அலைகிறவர்களை எனக்குத் தெரியும். லென்ஸில் ஒரு குறையும் இருக்காது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இடையில் இருக்கும் காற்றை லென்ஸ் சரிசெய்யாது. வழி ஒன்றுதான்: சூரியன் உதித்து முதல் இரண்டு மணி நேரம், பிறகு மாலை. தூரத்தைக் குறைக்க முடிந்தால் குறைக்கலாம். வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கி எடுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே குளிர், வெளியே சூடு, இரண்டும் சந்திக்கிற இடத்தில் லென்ஸை நீட்டினால் சொந்தச் செலவில் கானல் உண்டாக்கிக்கொள்கிறீர்கள்.

வீடியோவில் இன்னும் இரண்டு தொல்லை. நொடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் 1/50 வைக்கவேண்டும், அப்போதுதான் அசைவு இயல்பாக இருக்கும் என்று எல்லா யூடியூப் வாத்தியார்களும் சொல்வார்கள். மாள்ரான் வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப் போகும். அதற்கு ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் மாட்டவேண்டும். பெரிய லென்ஸின் வாய்க்குத் தகுந்த ஃபில்டர் வாங்கும் காசுக்கு ஒரு மாத வாடகை கொடுத்துவிடலாம். நான் 50 பிரேமில், ஷட்டரை இஷ்டத்துக்கு உயர்த்தி எடுக்கிறேன். வானம்பாடியின் இறகடிப்புக்கு அதுதான் நன்றாகவும் இருக்கிறது. சினிமா இலக்கணம் மீறினால் மீறட்டும். இரண்டாவது தொல்லை காற்று. தடுக்க ஒரு மரம் இல்லாத வெளியில் மைக்கில் 'ஹோ' என்ற இரைச்சல் தவிர வேறொன்றும் பதியாது. மைக்குக்கு மயிரடர்ந்த உறை கட்டாயம். அதையும் மீறினால், விடியலில் காற்று எழும் முன்பே பறவைக் குரலைத் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்வது உத்தமம்.

குரல் என்றால் வானம்பாடிதான். சாம்பல்தலை வானம்பாடி ஆண், சிட்டுக்குருவியைவிடச் சின்னது, வயிறு கரிக்கட்டை. நேரே மேலே ஏறி, இறக்கையை மடக்கி, நீளமாக ஒரு சீழ்க்கையோடு கல் மாதிரி விழும். தரைக்கு முன்னால் சமாளித்து மறுபடி ஏறும். இதைச் சலிக்காமல் செய்யும். இன்னொன்று, தலையில் கொண்டையுள்ள சைக்ஸ் வானம்பாடி. தக்காணத்தின் வறண்ட பகுதிகளே இதன் முக்கிய வீடு.

அந்தச் சைக்ஸ் யாரென்று தெரிந்துகொள்வது நல்லது. வில்லியம் ஹென்றி சைக்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. பேஷ்வா ஆட்சி முடிந்த சில ஆண்டுகளில், 1824-இல், பம்பாய் அரசாங்கம் அவரைத் தக்காணத்தின் புள்ளிவிவரம் சேகரிக்க அனுப்பியது. ஊர், சனம், விளைச்சல், வரி என்று கணக்கெடுக்கப் போனவர் கூடவே பறவையையும் விலங்கையும் கணக்கெடுத்தார். 1832-இல் அவர் வெளியிட்ட தக்காணப் பறவைப் பட்டியலில்தான் இந்த வானம்பாடி முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றது. பக்கி இனத்தில் ஒன்றுக்கு 'மராட்டென்சிஸ்' என்று மராட்டிய நாட்டின் பெயரையே வைத்தவரும் அவர்தான். இந்திய ஓநாயை 1831-இல் முதலில் விவரித்தவரும் அவரே. அவர் கணக்கெடுத்த மேட்டு நிலத்தில் அந்த ஓநாய் இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர். 1940-களில் பெல்லாரிப் பக்கத்துச் சந்தூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். அதுவும் தக்காணத்து முள்காடுதான். 1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் தொடங்கிய பத்தியை 1996-இல் கண்மூடும் வரை எழுதினார். வேறுவேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்டுக் கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டெரோஸா' என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணமே இல்லாமல் ஒரு உயிரின் உடல்வாகையும் நிற்கும் விதத்தையும் காட்டத் தெரிந்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமராவை வாங்குவதற்கு முன் அந்தப் புத்தகத்தை வாங்குங்கள். விலை ரொம்பக் குறைவு, பலன் ரொம்ப அதிகம்.

இனி பூ.

பூ என்றதும் புனேக்காரர்கள் காஸ் பீடபூமியைச் சொல்வார்கள். சாத்தாராவுக்கு மேலே இருக்கிறது. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் உலகப் பாரம்பரியத் தலங்களில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. செப்டம்பரில் ஆன்லைனில் பதிவு செய்து, வரிசையில் நின்று, பூக்களைவிட அதிகமான செல்ஃபிக்காரர்களுக்கு நடுவே நடக்கவேண்டும். அழகான இடம்தான், மறுக்கவில்லை. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் சொல்லவந்தது வறண்ட பக்கத்துப் பூக்களை. இங்கே கம்பளம் விரிக்காது, ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். முதல் மழை விழுந்ததும் நெருஞ்சி, மஞ்சள் மஞ்சளாக, சூரியனைப் பார்த்தபடி. விஷ்ணுகிராந்தி, சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப்பூ, வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். சாலையோரமெல்லாம் ஆவாரை. மராத்தியில் தர்வட். பொங்கலுக்குக் கூரையில் செருகும் பூ, இங்கே யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வேலியோரத்தில் செங்காந்தள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு இதெல்லாம் சொந்தக்காரர்களை வெளியூர் ரயில் நிலையத்தில் சந்திப்பது போல.

அப்புறம் இங்கே மட்டுமே உள்ளவை. ஜுன்னரில் சிவாஜி பிறந்த சிவ்நேரிக் கோட்டையை எல்லோருக்கும் தெரியும். அந்த வட்டாரத்துப் பாறைச் சுவர்களில், கால் வைக்க இடமில்லாத விளிம்புகளில், ஃப்ரேரியா இண்டிகா என்றொரு செடி தொங்குகிறது. மராத்தியில் ஷிந்தள் மாகுடி. நம்மூர்க் கள்ளிமுளையானுக்கு உறவு. கள்ளிமுளையானைப் பறித்துத் துவையல் அரைத்துச் சாப்பிட்டவர்கள் தெற்கே இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை இலையைத் துறந்துவிட்டவை, இது மட்டும் சதைப்பற்றான இலைகளை வைத்துக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் பூக்கும். கருஞ்சிவப்பு நட்சத்திரம், அதில் மஞ்சள் தீற்றல். 1860-களில் டால்சல் என்ற தாவரவியலாளர் விவரித்து, அப்போதைய பம்பாய் கவர்னர் பார்ட்டில் ஃப்ரேரின் பெயரை வைத்தார். மகாராஷ்டிராவில் சில மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது.

அண்மைக் கதை ஒன்று. புனேக்கு வடமேற்கே தளேகாவ் தாபாடே பக்கத்துப் புல்சரிவுகளில் ஆதித்ய தாரப் என்ற ஆய்வாளர் ஒரு செடியை வருஷக்கணக்கில் கவனித்து வந்தார். மழைக்குப் பிறகு ஒரு தடவை பூக்கிறது. கோடையில் ஊர்க்காரர்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். எல்லாம் கருகிப்போன பின், மழைக்கு முன்பே, கட்டைபோன்ற அடிவேரிலிருந்து குட்டையாகத் துளிர்த்து மறுபடியும் பூக்கிறது. அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மந்தார் தாதாரோடும் லண்டன் க்யூ தாவரவியல் பூங்காவின் நிபுணரோடும் சேர்ந்து 2024-இல் இதைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள்: டிக்ளிப்டெரா பாலிமார்ஃபா. இதன் நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறதாம். எக்ஸ்பிரஸ்வே போகிற ஊரில், இத்தனை தாவரவியலாளர்கள் வாழும் நகரத்துக்குப் பக்கத்தில், 2024 வரை பெயரில்லாமல் ஒரு செடி வருஷத்துக்கு இரண்டு தடவை பூத்துக்கொண்டிருந்திருக்கிறது. தளேகாவ் வறண்ட பக்கம் இல்லை என்று பூகோளம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும், நல்ல கதையை விட மனசில்லை.

பூ எடுக்கப் பெரிய கேமரா வேண்டாம். மழைக்கால மேகமூட்டம்தான் பாதி வேலையைச் செய்கிறது. வெயில் அடித்தால் வெள்ளைக்குடையைப் பூவுக்கு மேல் பிடியுங்கள், நிழல் மெத்தென்று விழும். காற்றில் ஆடும் காம்பைக் கட்டவோ, குறுக்கே வரும் புல்லைப் பிடுங்கவோ வேண்டாம். மெல்ல ஒதுக்கிப் பிடித்துவிட்டு, எடுத்ததும் விட்டுவிடுங்கள். செரொபீஜியா என்ற செடி கண்ணில் பட்டால் வீடியோ எடுங்கள். பூ ஒரு சின்னக் குழாய் விளக்கு மாதிரி இருக்கும். குட்டி ஈக்கள் உள்ளே நுழைந்தால், கீழ்நோக்கிய மயிர்கள் வெளியே விடாது. பூ வாடித் தொய்ந்த பிறகுதான் விடுதலை. அதற்குள் மகரந்தம் ஏறியிருக்கும். சஹ்யாத்ரியின் செரொபீஜியாக்களில் பல வேறெங்கும் இல்லாதவை.

பிக்வண் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்பீர்கள். சொல்லிவிடுகிறேன். பீமா ஆற்றில் 1980-இல் முடிந்த உஜனி அணையின் தேங்குநீர்ப் பகுதி. குளிர்காலத்தில் நீர் வடிந்து சேறு தெரிந்ததும் பூநாரைகள் வரும், பட்டைத்தலை வாத்து வரும். புனேயின் எல்லாக் கேமராக்களும் வரும். படகைக் கூட்டத்துக்குள் ஓட்டி, எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு, சிவப்பு இறகு விரியும் படத்தை எடுப்பது ஒரு சடங்காகிவிட்டது. தள்ளி நிறுத்துங்கள் என்று படகுக்காரரிடம் நாம் சொன்னால் அவர் நிறுத்துவார். நாம் சொல்வதில்லை. காராசேவ் வீசிக் கடற்காகங்களைக் கூப்பிட்டுப் படமெடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓநாய்க்கு வருகிறேன். ஸாஸ்வட் பக்கம் ஒரு சாயங்காலம், தலைப்பாகையும் தோளில் கம்பளியுமாக, ஆடு மேய்க்கும் தங்கர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் ஆட்டுமந்தையோடு வந்தார். "காய் பகதாய்?" என்றார். என்ன பார்க்கிறாய்? கேமராத் திரையில் கோர்சரைக் காட்டினேன். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "லாண்ட்கா பார்க்க வந்தாயோ என்று நினைத்தேன்" என்றார். ஓநாயைத்தான் சொல்கிறார். "இருக்கிறதா பாபா?" என்று கேட்டேன். "அது இல்லாமல் எங்கே போகும்? மழைக்கு முன்னால் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது" என்றார், பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கிப் போனதைச் சொல்வது மாதிரியான குரலில். பிறகு என் படத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்தார். ஒன்றும் கிடைக்காது என்றதும் என்மேல் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

ஓநாய்க்கு இப்போது ஆபத்து தங்கர்களால் இல்லை. குப்பைமேடுகளில் பெருகும் தெருநாய்கள் நோயைப் பரப்புகின்றன. ஓநாயோடு கலக்கவும் செய்கின்றன. புனே வட்டாரத்தில் ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்த கலப்பு விலங்கு இருப்பதை மரபணு ஆய்வு 2023-இல் உறுதிசெய்தது. இன்னொரு பக்கம் நிலம். அரசாங்கத்தின் தரிசுநிலப் பட்டியலில் புதர்வெளிக்கு இடமுண்டு. தரிசு என்று எழுதிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம்: தொழிற்பேட்டைக்கு, சோலார் பண்ணைக்கு, வீட்டுமனைக்கு. நல்லெண்ணம் கொண்டவர்கள் வந்தால் அது இன்னொரு விதமான அழிவு. குழி தோண்டிக் கிளிரிசிடியா நடுவார்கள், வனமஹோத்சவம் என்று போட்டோ எடுப்பார்கள். மரம் அடர்ந்தால் வானம்பாடிக்கும் கோர்சருக்கும் அங்கே வேலையில்லை. இத்தகைய வறண்ட திறந்தவெளி இந்திய நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்கிறது என்று சூழலியலாளர்கள் எம்.டி. மதுசூதனும் அபி தமிம் வனக்கும் வரைபடம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வருவது ரொம்பக் கொஞ்சம். சோலாப்பூர்ப் பக்கத்தில் 1979-இல் கானமயிலுக்கென்றே நான்னஜ் சரணாலயம் அறிவித்தார்கள். இன்று அங்கே கானமயில் கண்ணில் பட்டால் அது செய்தி.

ஆனால் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. புனே வனக்கோட்டம் இந்தாபூர் வட்டத்துக் கடபன்வாடியிலும் பாராமதி வட்டத்துச் ஷிர்சுபளிலும் புல்வெளி சஃபாரி தொடங்கியிருக்கிறது. ஆன்லைனில் பதிவு, குறிப்பிட்ட தடம், உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகள். புலி பார்க்க மட்டுமே ஜீப்பில் ஏறும் நாட்டில், வெறும் புல்லைப் பார்க்கக் காசு வாங்குகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு புல்லுக்குள் தடம் போடுவதைவிட அதில் போவது எல்லோருக்கும் நல்லது. ஓநாய்க்குகை எங்கே, கொம்பன் ஆந்தை எந்தப் பள்ளத்தில் என்று வழிகாட்டிகளை நச்சரிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படத்தைப் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். ஆனால் கூடு, குகை, அபூர்வச் செடி, இந்த மூன்றின் லொகேஷனை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். செல்போனில் ஜி.பி.எஸ். பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். நெருங்கிய நண்பர் கேட்டாலும் தாலுகா பேரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கும் ஒரு வாட்ஸப் குழு இருக்கும்.